கரியில் ஓடிய பெட்ரோல் வண்டிகள்

பழைய வண்டியில் புதுக் கருவியை மாட்டி ஓட்டுவது இன்று சிலருக்குப் பொழுதுபோக்கு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது பிழைப்பு.

1941இல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1911இல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் அப்போது ‘காஸ் பிளான்ட்’ தயாரித்தது. வண்டியின் முதுகில் ஓர் இரும்பு உலை, அதற்குள் அடுப்புக்கரி. காற்றை அளந்துவிட்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயு கிளம்பும். அதைக் குளிர்வித்து, தூசியை வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்பினார்கள். எஞ்சின் என்னவோ அதே பெட்ரோல் எஞ்சின்தான்.

தொல்லைக்கும் குறைவில்லை. காலையில் துருத்திச் சக்கரத்தைச் சுற்றிக் கரியைக் கனியவைத்த பிறகே வண்டி உயிர்பெறும். இழுவை வெகுவாகக் குறையும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். டிக்கெட்டும் வாங்கி, தள்ளவும் தள்ளிய அந்தத் தலைமுறையின் பொறுமை பெரியது! வாயு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஐரோப்பாவிலும் இதே கதை: பிரான்சில் ஜார்ஜ் இம்பேர் உருவாக்கிய விறகு வாயு உலை ஜெர்மனியில் லட்சக்கணக்கான வண்டிகளில் ஏறியது.

போர் முடிந்தது, பெட்ரோல் திரும்பியது, உலைகள் கழன்றன. அடுத்து டீசலின் காலம். சென்னை சிம்ப்சன் நிறுவனம் செம்பியத்தில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரித்தது.

இன்று விருப்பம்போல் மாற்றிவிட முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. எஞ்சினை மாற்றினால் பதிவுச் சான்றிதழிலும் அது ஏற வேண்டும்.