கல்லில் யார் பெயர்?
வெள்ளிமலைக்கு ஓர் அழைப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

வெள்ளிமலையில் ஒரு நினைவுக் கண்காட்சி வைக்கலாம். கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் செத்துப்போன, யாரும் கல் நடாத மனிதர்களுக்காகப் புகைப்படக் கலைஞர்கள் பலரும் சேர்ந்து படங்கள் தரட்டும். அதற்கான அழைப்பை நீ எழுது என்று நண்பர்கள் கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோது முதல் சொல்லிலேயே சிக்கல். 'புகைப்படக் கலைஞர்களே' என்று ஆரம்பித்தால் அழைக்கப்படுகிறவர் யார், படத்துக்குள் அடைபடப் போகிறவர் யார் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. கூட்டுப்படைப்பு, பங்கேற்பு என்று பிறகு என்னதான் எழுதினாலும் கலைஞன் மேலே, செத்தவன் கீழே. இந்தப் படிநிலையின் வரலாற்றைப் பார்க்காமல் அழைப்பு எழுதுவது சாத்தியமில்லை என்று பட்டது.

2

மலைக்காரர்களும் கேமராவும் முதலில் சந்தித்துக்கொண்டது சமமானவர்களாக அல்ல. 1868க்கும் 1875க்கும் இடையில் பிரிட்டிஷ் அரசு இந்திய மக்களை வகைப்படுத்தி எட்டுத் தொகுதிகளாகப் புகைப்படங்கள் வெளியிட்டது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த அவர், மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். கல்வராயன் மலையில் வாழும் 'மலையாளி' பழங்குடியினரும் அத்தொகுதிகளில் ஒரு தலைப்பு. இவ்வகைப் படங்களின் கீழே இருப்பது ஆளின் பெயரல்ல, கூட்டத்தின் பெயர். முகம் இருக்கிறது, ஆள் இல்லை.

இந்திய அரசும் இம்மலைக்குத் தாமதமாகத்தான் வந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில், வரியும் கூலியில்லா உழைப்புமாகக் கிடந்த மக்கள் 1976இல்தான் அரசு நிர்வாகத்துக்குள் வந்தார்கள். நாடு முழுவதும் அவசரநிலையில் உரிமைகளை இழந்து நின்ற ஆண்டில் இவர்களுக்குக் குடிமை வாய்த்தது. குடிமை வந்தால் அட்டை வரும், அட்டை வந்தால் படம் வரும். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை. பலருக்கு அதுதான் முதல் போட்டோ. விறைத்த கழுத்தும் மிரண்ட கண்ணுமாக, அரசு கேட்டதற்காக எடுத்துக்கொண்ட முகம்.

3

அட்டைக்கு அடுத்து இம்மக்களைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவை சாவின் படங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கல்வராயனை ஒட்டிய சித்தேரி மலைக்காரர்களும் ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. பிணங்களின் பக்கத்தில் செம்மரக் கட்டைகள் கிடக்கும் படங்கள் வெளிவந்தன. 'இவர்கள் திருடர்கள்' என்று சொல்வதற்குப் பயன்பட்ட படங்கள்தாம் அவை. ஆனால் அதே படங்களில் கட்டைகள் மேல் தெரிந்த பெயிண்ட் அடையாளங்களைச் சுட்டிக்காட்டி, இவை முன்பே பிடிபட்ட பழைய கட்டைகள் இல்லையா என்று மனித உரிமையாளர்கள் கேட்டார்கள். எடுத்தவரின் நோக்கத்தை மீறிப் படம் சாட்சி சொல்ல முடியும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60 பேருக்கு மேல் பலிகொண்டது. தெருவில் வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களை நாடே பார்த்தது. குடும்பத்துக்குப் பத்து லட்சம் இழப்பீடு என்றதும் 'குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குக் காசு?' என்ற குரலும் கூடவே வந்தது. கொன்றது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால். ஆனால் பார்வை கல்வராயன் மலைப்பக்கம் திரும்பியது. அழிக்கப்பட்ட ஊறல் பேரல்களுக்குப் பக்கத்தில் போலீசார் நிற்கும் அந்தப் பழகிய படம் மறுபடி வந்தது. திருடன், சாராயம் காய்ச்சுகிறவன், குடிகாரன்: தர்ஸ்டனின் தலைப்புகள் மாறியிருக்கின்றன, முறை மாறவில்லை.

4

சரி, அப்ப என்னதான் பண்றது? இரண்டு முன்மாதிரிகளைப் பார்க்கலாம்.

2001 செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு, நியூயார்க்கின் பிரின்ஸ் தெருவில் காலியாகக் கிடந்த ஒரு கடையில் 'படங்களின் ஜனநாயகம்' என்று சொல்லிக்கொண்டு ஒரு கண்காட்சி தொடங்கியது. யார் வேண்டுமானாலும் படம் தரலாம். உலகப் புகழ் பெற்றவர் எடுத்ததும் வழிப்போக்கர் எடுத்ததும் ஒரே அளவில், சட்டமில்லாமல், கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கின. எடுத்தவர் பெயர் கிடையாது. எந்தப் படமானாலும் விலை 25 டாலர், பணம் நிவாரண நிதிக்கு. முக்கியமான காரியம். ஆனால் அங்கே செத்தவர்களின் பெயர்களை நாடே உச்சரித்துக்கொண்டிருந்தது. இங்கே நிலைமை தலைகீழ். கலைஞன் தன் பெயரை விட்டுக்கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது.

மற்றது நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருவண்ணாமலை வட்டாரத்து எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தவன் பெயர் அதில் இருக்கிறது. கள்ளரைக் கடித்து நின்ற நாயின் பெயரும், கோவிவன் என்று, பொறித்திருக்கிறது. கல்தச்சன் பெயர் இல்லை. நடுகல் மரபைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை; வீரச்சாவுக்குத்தான் அது கல் நட்டது, பட்டினியில் செத்தவனுக்கு நடவில்லை. ஆனாலும் நாய்க்குக்கூடக் கிடைத்த பெயர், கூலிக்கு மரம் வெட்டப் போனவனுக்கும் சாராயம் குடித்துச் செத்தவனுக்கும் ஏன் இல்லை?

5

யோசிக்க யோசிக்க இன்னொன்று புலப்பட்டது. நாம் தொடங்க நினைக்கும் கூட்டு நினைவுக்கலை இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. சாவு விழுந்த வீட்டுக்காரர் ரேஷன் கார்டையோ வாக்காளர் அட்டையையோ எடுத்துக்கொண்டு அடிவாரத்து ஸ்டுடியோவுக்குப் போகிறார். ஸ்டுடியோக்காரர் அந்தச் சின்ன முகத்தைப் பெரிதாக்கி, முகத்திலிருந்து அரசு முத்திரையைத் துடைத்து, நல்ல சட்டை போட்டுவிட்டு, கீழே தோற்றம், மறைவு என்று தேதியும் பெயரும் எழுதிச் சட்டம் மாட்டித் தருகிறார். அரசு கேட்டு வாங்கிய முகத்தைக் குடும்பம் திரும்ப வாங்கிக்கொள்ளும் செயல் அது. அவரை நாம் கலைஞர் என்று சொல்வதில்லை, நம் அழைப்பும் அவருக்குப் போகாது.

ஆகவே என் அழைப்பு இப்படி மாறியிருக்கிறது. முதலில் அழைக்கப்படுகிறவர்கள் சுவரில் அந்தப் படம் மாட்டியிருக்கும் வீட்டார். அடுத்து ஸ்டுடியோக்காரர். கேமராவோடு வெளியூரிலிருந்து வரும் நண்பர்கள் மூன்றாவதாக. அவர்களுக்கு வேலை உண்டு: மங்கிப்போன படங்களைப் பிரதியெடுத்துச் செப்பனிடுவது, கேட்கிறவர்களுக்குப் புதிதாக எடுப்பது, ஒரு பிரதியை வீட்டாரிடம் கொடுத்த பிறகே இன்னொன்றைக் கண்காட்சிக்குக் கொண்டுவருவது. 'எடுத்த போட்டோவ எப்பண்ணா குடுப்பீங்க?' என்று யாரும் கேட்கவேண்டிய நிலை வரக்கூடாது.

படம் தர விரும்பாதவர்களும் இருப்பார்கள். குடிகாரன் பெண்டாட்டி என்று ஏச்சு வாங்கிய பெண் எதற்குத் தன் வீட்டுக்காரர் முகத்தைச் சுவரில் மாட்ட வேண்டும்? ரோலண்ட் பார்த் புகைப்படம் பற்றி 1980இல் எழுதிய நூலில் தன் தாயின் சிறுவயதுப் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். அந்தப் படத்தை மட்டும் நமக்குக் காட்டவில்லை. பாரிஸ் அறிவுஜீவிக்கு இருந்த அந்த உரிமை கருணாபுரத்துப் பெண்ணுக்கும் உண்டு. அவர் இடத்தில் வெற்றுச் சட்டம் ஒன்று தொங்கும். பெயர் எழுதுவதா வேண்டாமா என்பதையும் அவரே சொல்லட்டும்.

அழைப்பின் அடியில் வழக்கமாக அமைப்பாளர்கள் பெயர் வரும். அந்த இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன். நண்பர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.