ஓராண்டுக் காத்திருப்பு

கி.பி. 204-ஆம் ஆண்டையொட்டி இப்போலித்து என்னும் மறைநூல் அறிஞர் தானியேல் நூலுக்கு ஒரு விளக்கவுரை எழுதினார். பேரரசன் செப்டிமியுஸ் செவேருஸ் ஆண்ட காலம் அது. கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டனர்; உலக முடிவு நெருங்கிவிட்டது என்ற அச்சம் பலர் நெஞ்சில் குடிகொண்டிருந்தது. தம் காலத்திலேயே நடந்த இரு நிகழ்ச்சிகளை அந்த உரையில் அவர் குறித்து வைத்திருக்கிறார்.

முதலாவது சிரியாவில் நடந்தது. சபைத் தலைவர் ஒருவர், ஆண்டவரை எதிர்கொள்ளப் போவதாகக் கூறி, பெண்களும் குழந்தைகளுமாகப் பெருந்திரளான மக்களைப் பாலைநிலத்திற்கு அழைத்துச் சென்றார். அவர்கள் மலைகளில் வழி தெரியாது அலைந்தனர். அவர்களைக் கொள்ளைக் கூட்டமெனக் கருதிய ஆளுநர் கொன்றே போட்டிருப்பார். அவருடைய மனைவி கிறிஸ்துவில் நம்பிக்கை கொண்டவராக இருந்து பரிந்து பேசியதால் உயிர் தப்பினர். அந்தப் பெண்மணியின் பெயரை இப்போலித்து எழுதாமல் போனது நமக்கு இழப்பே.

இரண்டாவது நிகழ்ச்சிதான் நெஞ்சைத் தைப்பது. கருங்கடலின் தென்கரையிலுள்ள போந்து நாட்டில் ஒரு சபைத் தலைவர் இருந்தார். அவர் வஞ்சகர் அல்லர். பக்தியும் தாழ்ச்சியும் உள்ளவர் என்றே இப்போலித்து சான்று பகர்கிறார். ஆனால் மறைநூலைவிடத் தாம் கண்ட காட்சிகளையே அவர் பெரிதும் நம்பினார். மூன்று கனவுகள் கண்டபின், ஓராண்டிற்குள் இறுதித் தீர்ப்பு வரும் என்று அறிவித்தார். அது பொய்த்தால் மறைநூலையே நம்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். மக்கள் இரவும் பகலும் கண்ணீரோடு செபித்தனர். வயல்கள் தரிசாயின. பலர் உடைமைகளை விற்றனர்.

ஆண்டு கடந்தது. எதுவும் நிகழவில்லை. திருமணத்தைத் தவிர்த்திருந்த கன்னியர் மணமுடித்தனர்; ஆடவர் மீண்டும் வயலுக்குப் போயினர். உள்ளதை எல்லாம் விற்றவர்களோ பின்னர் பிச்சையெடுக்கக் காணப்பட்டனர். அவர்களுடைய செபம் உண்மையானது, கண்ணீரும் உண்மையானது. நாள் குறித்ததால், அந்த ஓராண்டின் பக்தியே அவர்களுடைய நம்பிக்கைக்கு இடறலாயிற்று.

இது புதிய நோயும் அன்று. ஏறத்தாழ 51-ஆம் ஆண்டில் தெசலோனிக்கேயச் சபைக்கு மடல் எழுதிய திருத்தூதர் பவுல், அமைதியாய்க் கைத்தொழில் செய்து வாழுமாறு அங்குள்ளோருக்கு அறிவுரை கூற வேண்டியிருந்தது. அவரும் கூடாரம் செய்து பிழைத்தவர்தாம். அதே பவுல்தான் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் முடிவில் 'மாரனாதா' என்ற அரமேய மொழிச் சொல்லை வைத்தார். 'எம் ஆண்டவரே, வாரும்' என்பது அதன் பொருள். 'திதாக்கே' என்னும் தொன்மையான நூலிலும் நற்கருணை மன்றாட்டின் இறுதியில் இச்சொல் வருகிறது. வேலை செய்த கைகளோடு அப்பம் பிட்கக் கூடிய மக்களின் ஏக்கம் அது.

இப்போலித்தும் கணக்குப் போடாமல் இருக்கவில்லை என்பது வியப்பு! உலகம் படைக்கப்பட்டு 5500 ஆண்டுகளுக்குப் பின் கிறிஸ்து பிறந்தார், 6000 ஆண்டு நிறைந்தால் முடிவு வரும் என்று அவர் கணித்தார். மக்களின் பதற்றத்தைத் தணிக்கவே, இன்னும் ஏறக்குறைய முந்நூறு ஆண்டு இருக்கிறது என்று காட்டினார் போலும். அவர் சொன்ன 500-ஆம் ஆண்டும் வந்து போயிற்று.

திருச்சபை மெல்ல வேறு வழி கண்டது. வராத நாளைக் குறிப்பதை விட்டு, ஆண்டுதோறும் வரும் நாட்களைக் காத்திருப்புக்கு ஒதுக்கியது. பிரான்சு நாட்டு மாக்கோன் நகரில் 581-ஆம் ஆண்டளவில் கூடிய ஆயர் மன்றம், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முதல் கிறிஸ்து பிறப்பு விழா வரை திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் ஒருசந்தி இருக்கப் பணித்தது. மற்ற நாட்களில் உழவர் வழக்கம்போல் உண்டு உழைக்கலாம். 1969-இல் திருத்தப்பட்ட நாட்காட்டியிலும் இந்த இருமுகப் பார்வை நிலைத்துள்ளது: திருவருகைக் காலத்தில் டிசம்பர் 16 வரை ஆண்டவரின் மறுவருகையே முதன்மை பெறுகிறது, 17-ஆம் நாளிலிருந்துதான் வழிபாடு பெத்லகேமை நோக்கித் திரும்புகிறது.

மூவாண்டுச் சுழற்சியின் முதல் ஆண்டில், திருவருகைக் கால முதல் ஞாயிறன்று மத்தேயு நற்செய்தியின் 24-ஆம் அதிகாரத்திலிருந்து வாசிக்கிறோம். மானிட மகன் வரும் அந்த நாளில், இருவர் வயலில் இருக்கிறார்கள். பெண்கள் இருவர் திரிகையில் மாவரைத்துக் கொண்டிருக்கிறார்கள்.