பெயர் மாற்றம்: விருப்பமும் வற்புறுத்தலும்

பொருத்தமற்ற பெயர்களை நபி (ஸல்) அவர்கள் மாற்றினார்கள். 'பர்ரா' (நல்லவள்) என்பது தற்புகழ்ச்சியாக ஒலித்ததால் 'ஸைனப்' எனப் பெயரிட்டார்கள். ஆனால் 'ஹஸ்ன்' (கரடுமுரடு) என்பவருக்கு 'ஸஹ்ல்' (இலகு) என்னும் பெயரை எடுத்துரைத்தபோது, தந்தை இட்ட பெயரை விடமாட்டேன் என அவர் மறுத்தார். அவரை எவரும் நிர்ப்பந்திக்கவில்லை.

1984இன் இறுதியில் பல்கேரியக் கம்யூனிச அரசு இதற்கு நேர்மாறாக நடந்தது. துருக்கிய முஸ்லிம்களின் பெயர்களைச் சில மாதங்களில் வலுக்கட்டாயமாக ஸ்லாவியப் பெயர்களாக்கியது. எதிர்த்தோரில் சிலர் உயிரிழந்தனர். 1989இல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் துருக்கிக்குச் சென்றனர். 1990இல்தான் பழைய பெயரை மீட்கச் சட்டம் வழிவிட்டது.

சகோதரர்களே, பெயரின் பொருள் தகாததாயின், ஆவணங்களைத் திருத்தும் சிரமத்தைப் பொறுத்தேனும் மாற்றுவது நலம். தந்தையின் பெயரை அகற்றி வம்சத்தை மறைப்பது கூடாது. பிறர் பெயரைப் பறிப்பதோ பெரும் அநீதி.