சயமா, புற்றா, இரண்டுமா?

நம் திருப்பூருக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டில்தான் கணிதமேதை ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் தேதி பிறந்தார். அவருடைய கணக்கைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அவருடைய நோயைப் பற்றி நம் வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

1917-இல் இங்கிலாந்தில் நோயில் விழுந்தார். முதலில் வயிற்றுப்புண் என்றார்கள். பிறகு காசநோய் என்று சானடோரியத்தில் சேர்த்தார்கள். 1918-இல் பேட்டி ஷா என்ற நிபுணருக்கு வேறு சந்தேகம் வந்தது. ராமானுஜன் இந்தியாவில் இருந்தபோது செய்துகொண்ட விரைவீக்க அறுவை, உண்மையில் புற்றுக்கட்டியை எடுத்ததாக இருக்குமோ என்று நினைத்தார். ஆறு மாதமாகியும் நிலைமை மோசமாகாததால் அந்த எண்ணத்தைக் கைவிட்டார் என்று பேராசிரியர் ஹார்டி கடிதத்தில் எழுதியிருக்கிறார். புற்று இல்லை என்று சொல்ல அன்று காலண்டரைத்தான் நம்ப வேண்டியிருந்தது! சென்னை திரும்பியும் காசநோய்க்கே வைத்தியம் நடந்தது. 1920 ஏப்ரல் 26-இல், 32 வயதில் காலமானார். அது அமீபாவால் வந்த ஈரல் நோயாக இருக்கலாம் என்று 1994-இல் டாக்டர் யங் என்பவர் எழுதினார்.

இந்தக் குழப்பம் அதற்கும் நூறாண்டு முந்தியது. பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆதலால் பேல் என்ற பாரிஸ் மருத்துவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான சடலங்களை அறுத்துப் பார்த்து, 1810-இல் சயரோகம் பற்றி நூல் எழுதியவர். சயத்தை ஆறு வகையாகப் பிரித்தார். அதில் ஒன்று 'புற்றுச் சயம்'. நுரையீரல் புற்றையும் சயத்தின் ஒரு கிளை என்றே எண்ணினார். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த அவர் நண்பர் லாயென்னெக்தான் இரண்டும் வேறு என்று பிரித்தார். இருவரையுமே காசநோய் கொண்டுபோயிற்று.

1882 மார்ச் 24-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்தார். இன்று சளியை சிபிநாட் கருவியில் வைத்தால் சில மணி நேரத்தில் விடை வருகிறது. ஆனால் கிருமி இருந்தால் காசநோய் உறுதி என்றுதான் அர்த்தம். புற்று இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். புற்றும் கீமோதெரபியும் உடம்பின் எதிர்ப்பைக் குறைக்கும்போது, பல்லாண்டு தூங்கிய கிருமி விழித்துக்கொள்ளும். இருமல், ரத்தம், எடைக்குறைவு, மாலைச் சுரம் எல்லாம் இரண்டுக்கும் பொது. எக்ஸ்ரேயில் நிழலும் ஒன்றுபோல இருக்கும். பெட் ஸ்கேனில்கூடக் காசநோய்க் கட்டி புற்றைப் போலவே ஒளிரும். ஆகவே சளிப் பரிசோதனையோடு, சந்தேகம் இருந்தால் சதைத்துணுக்கு எடுத்தும் பார்க்க வேண்டும். அந்தத் துணுக்கைப் புற்றுக்கு மட்டுமல்ல, காசநோய்க் கிருமிக்கும் சோதிக்க வேண்டும்.

ஒரு கோப்பில் ஒரு தாள் கிடைத்ததும் மற்றதைத் தேடாமல் கட்டிவைக்கக் கூடாது என்பது எங்கள் அலுவலகப் பாடம். இங்கும் அதுவே.

நம் ஊரில் இருமினால் பஞ்சுத்தூசு, பீடி என்று சொல்லி நாள் கடத்துகிறோம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் இரண்டு மாதத்தில் தேறவில்லை, எடை குறைகிறது என்றால், "வேறு ஏதாவது கூட இருக்கிறதா, டாக்டர்?" என்று கேளுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்குப் புதிதாகச் சுரமும் இருமலும் வந்தாலும் அதே கேள்விதான். முன்பு காசநோய் வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.