குரங்கணி மலைச்சரிவில் குளிர்காப்பின் சரித்திரம்

போடிநாயக்கனூரின் வெயிலில் நிழல் தேடி ஒதுங்கும் ஒருவர், அங்கிருந்து குரங்கணி வரையில் வண்டியில் சென்று, பின்னர் சென்ட்ரல் என்னும் இடத்தின் வழியாக ஒற்றையடிப் பாதையில் மலையேறி, ஏறத்தாழ 6,000 அடி உயரத்திலுள்ள டாப் ஸ்டேஷனை அடைவாராயின், ஒரே பகலில் இரண்டு தேசங்களின் சீதோஷ்ணத்தை அனுபவித்தவராகிறார். 1,000 மீட்டர் உயரம் கூடினால் உஷ்ணம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. மார்கழி, தை மாதங்களின் மேகமற்ற இரவுகளிலோ குளிர் அந்தக் கணக்கையும் கடந்துவிடுகிறது. பகலில் சேர்த்த வெப்பத்தை நிலம் தடையின்றி ஆகாயத்துக்கு இழந்துவிட, கனத்த குளிர்காற்று சரிவுகளில் மெல்ல இறங்கிப் பள்ளத்தாக்குகளில் தேங்கி நிற்க, விடியற்காலையில் புல்லும் தேயிலையும் வெள்ளை பூத்துக் கிடக்கும். 2019 ஜனவரியின் தொடக்கத்தில் மூணாறு வட்டாரத்தில் இவ்வாறு பல நாள்கள் தொடர்ந்து உறைபனி விழுந்து, தேயிலைத் தோட்டங்கள் கருகிப் பழுப்பேறின.

ஆண்டு முழுவதும் இக்குளிர் நீடிப்பதில்லை. அதுவே அதன் கொடுமையை மிகுதிப்படுத்துகிறது. ஆறு மாதம் பனியில் மூழ்கும் நாடுகளில் வீடுகள் குளிரை எண்ணியே கட்டப்படுகின்றன. நம்முடைய மலைகளில் வீட்டுக்காரரின் முதற்கவலை மழையும் காற்றுமே ஆதலால், வருஷத்தில் சில இரவுகள் மட்டும் திடீரென்று வந்து தாக்கும் உறைபனி அநேகமாகக் கணக்கில் சேர்வதில்லை. ஆயினும் இச்சரிவுகளில் வெப்பத்தைக் காக்கும் வித்தை இல்லாமற் போய்விடவில்லை. அது எவர் கையில் இருந்தது, எதன் பொருட்டுப் பிரயோகிக்கப்பட்டது, எவருக்குக் கிட்டவில்லை என்னும் விஷயங்களை ஆராய்ந்தால், இந்த மலையின் சரித்திரத்தில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம் புலப்படும்.

இங்கே முதலிற் குளிரோடு வாழக் கற்றவர்கள் முதுவர்கள் என்னும் பழங்குடியினர். மதுரையிலிருந்து மீனாட்சியம்மன் திருவுருவத்தை முதுகிற் சுமந்து மலையேறியவர்களின் வழிவந்தோர் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் ஐதிகம். குரங்கணிக்கு மேலேயுள்ள முதுவாக்குடி அவர்கள் பெயரையே தாங்கி நிற்கிறது. மூங்கிலை நெருக்கி நட்டுச் சேறு பூசிய சுவர், புல்லும் இலையும் கனமாக வேய்ந்த தாழ்வான கூரை, உள்ளே அணையாத அடுப்பு, ஒன்றையொன்று ஒட்டி நின்று காற்றைத் தடுத்துக்கொள்ளும் குடிசைகள் என அமைந்த அவர்களுடைய பழைய குடியிருப்பில், மலையில் கிடைக்காத பொருள் ஒன்றுமில்லை. அடுப்புப் புகை கூரையினூடே கசிந்து வெளியேறும்போது, வேய்ந்த புல்லைப் பூச்சியரிக்காமல் காத்துவிட்டுப் போகும்.

நீலகிரியின் தோடர்கள் இதே வித்தையை இன்னும் நுட்பமாக வளர்த்தார்கள். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, புல்லால் மூடி, ஏறத்தாழ 18 அடி நீளமும் 10 அடி உயரமுமாக அவர்கள் எழுப்பிய வளைகூரை இல்லங்களில் ஜன்னல் என்பதே கிடையாது. குனிந்தும் தவழ்ந்துமே நுழையத்தக்க, மூன்றடி உயர வாயில் ஒன்று மட்டும் உண்டு. பார்ப்பவருக்கு அது வறுமையின் அடையாளமாகத் தோன்றலாம். உண்மையில் அது குளிரை நன்கறிந்தவர்களின் அளவு. வாயில் பெரிதானால் வெப்பம் வெளியேறும், ஜன்னல் வைத்தால் காற்று புகும் என்பதைத் தலைமுறைகளின் அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது.

இவ்வீடுகளின் இரகசியம் புல்லில் இல்லை. புல்லினிடையே சிறைப்பட்டு அசையாது நிற்கும் காற்றில் இருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். இரும்போ அதைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் எளிதாகக் கடத்திவிடும். கம்பளி உடலைக் காப்பதும் இக்காரணத்தாலேதான். எந்தத் தேசத்தில் எந்தப் பெயரால் வழங்கினாலும், குளிர்காப்பு என்பது காற்றை அசையவிடாமல் நிறுத்திவைக்கும் உபாயமே.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரச வம்சத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றதிலிருந்து இப்பிரதேசத்தின் வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது. சின்கோனாவும் காப்பியும் பயிரிட்டுப் பார்த்த துரைமார்கள் காலக்கிரமத்தில் தேயிலையில் நிலைபெற, 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவாயிற்று. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரையில் 1902-இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமும், 1908-இல் சிறு ரயில்பாதையும் அமைந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள், போடி வழியாகத் தூத்துக்குடிக்குச் சென்று கப்பலேறின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்துவிட்டது. அது மீண்டும் கட்டப்படவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1928-இல்.

தேயிலை இறங்கிய இதே பாதைகளில் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்ப எண்ணிய பாண்டி நாட்டு ஜனங்கள், கங்காணிகளின் பின்னால், குழந்தைகளையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்துகொண்டு மேலே ஏறினார்கள். அவர்களுக்குக் கிடைத்த வாசஸ்தலம் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சிறு அறைகள். ஓர் அறை அல்லது இரண்டு அறைகளில் ஒரு குடும்பம் முழுவதும் அடங்கியிருக்க வேண்டும். ஆரம்பத்தில் மண்ணும் புல்லுமாக இருந்த லயங்கள் பல, பிற்காலத்தில் கற்சுவரும் நெளிதகரக் கூரையுமாக மாறின. லண்டன் துறைமுகப் பணியிலிருந்த ஹென்றி பாமர் என்னும் பொறியியலாளர் 1829-இல் உரிமம் பெற்ற இந்த நெளிதகரம், இலேசானது, அடுக்கி ஏற்றத் தக்கது, சுமையாளின் தலையிலும் கழுதையின் முதுகிலும் மலையேறக் கூடியது, மழைக்கு ஒழுகாதது. ஆகவே தோட்டங்கள் அதை விரும்பின. ஆனால் மெல்லிய அந்த உலோகத் தகட்டில் சிறைப்பட்ட காற்று சிறிதும் இல்லை. பகலில் கொதித்து, இரவில் வானத்தைப் பார்த்துத் தன் வெப்பத்தையெல்லாம் இழந்துவிடும் அந்தக் கூரையின் அடிப்புறத்தில், உறங்குவோரின் மூச்சிலிருந்த ஈரமே நீராய்க் கோத்து அவர்கள்மீது சொட்டும். புற்கூரையைக் கைவிட்டுத் தகரத்துக்கு மாறியதில் மழைக்குக் காப்புக் கிடைத்தது உண்மை. குளிருக்கு முன்பிருந்த காப்பு போய்விட்டதும் உண்மை.

அந்தக் குறையை ஈடுசெய்யத் தொழிலாளிக்கு வாய்த்தது கருங்கம்பளி ஒன்றே. தோட்டத்தில் மழையாடையாகவும், இரவில் போர்வையாகவும், குழந்தைக்குத் தொட்டிலாகவும் அது உழைத்தது. அதன் விலை சம்பளத்தில் பிடிக்கப்பட்டதும் உண்டு. துரைமார்களின் பங்களாக்களில் புகைபோக்கியுடன் கூடிய கணப்பும், பலகை வேய்ந்த தரையும், உட்கூரையும் இருந்தன. குளிரைத் தடுக்கும் ஞானம் தோட்ட நிர்வாகத்துக்கு இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்திருக்கிறது. குளிரும் நோயும் தோட்டத் தொழிலாளரை எவ்வாறு வதைத்தன என்பதை அறிய விரும்புவோர் அதை வாசித்தல் வேண்டும்.

பங்களாவைக் காட்டிலும் பெரிய ஆச்சரியம் ஏலமலையில் இருக்கிறது. போடிமெட்டைச் சுற்றியும் அதற்கப்பாலும் பரந்து கிடக்கும் ஏலத்தோட்டங்களில், ஏலக்காயை உலர்த்துவதற்கென்று ஒரு கட்டடம் உண்டு. தோட்டத்தார் அதை ஸ்டோர் என்பார்கள். பறித்து வந்த பச்சைக்காயில் ஐந்தில் நான்கு பங்கு ஈரம். அதைப் பத்துச் சதவிகித அளவுக்குக் குறைத்தாக வேண்டும். ஆனால் பச்சை நிறம் மங்கலாகாது, மணம் பறந்துவிடலாகாது. வெயிலில் காயவைத்தால் நிறம் வெளிறிப்போகும். ஆதலால் தடித்த சுவரும், பலகையோ வேறு காப்போ அடித்த உட்கூரையும், இறுக மூடும் கதவும் உள்ள அறையில், வெளியே விறகு எரியும் அடுப்பிலிருந்து இரும்புக் குழாய்களின் வழியே வெப்பத்தைச் செலுத்தி, அடுக்கடுக்கான தட்டுகளில் காயைப் பரப்பி வைக்கிறார்கள். முதல் சில மணி நேரம் ஈரம் போகும்படி காற்றுத் துவாரங்களைத் திறந்து வைத்துப் பின்னர் மூடிவிட்டு, 45 முதல் 55 டிகிரிக்குள் உஷ்ணம் நிலைத்திருக்குமாறு ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் கண்விழித்துக் காவல் செய்கிறார்கள். உஷ்ணம் தவறினால் நிறம் போயிற்று. நிறம் போனால் போடியின் ஏலக்கூடத்தில் விலையும் போயிற்று.

சுவரின் கனம், கூரையின் உள்ளடைப்பு, கதவின் இடுக்கு, காற்றுத் துவாரத்தின் அளவு ஆகிய அத்தனையையும் அளந்து அமைக்கத் தெரிந்த கைகள், குளிர்காப்பில் தேர்ந்த கைகளே. அந்த ஸ்டோரில் இரவெல்லாம் விறகு தள்ளி ஏலக்காய்க்கு வெதுவெதுப்பைக் காத்துத் தந்த தொழிலாளி, விடிந்ததும் தகரத்தின் கீழே சென்று நடுங்கியபடி படுத்தார். இம்மலையில் குளிர்காப்பு வித்தை வளராமலும் இல்லை, பொருள் கிடைக்காமலும் இல்லை. விலைபோகும் சரக்குக்கு அது அளிக்கப்பட்டு, அச்சரக்கை விளைவித்த மனிதருக்கு அளிக்கப்படாமல் விடப்பட்டது என்பதே நம் ஆராய்ச்சி காட்டும் உண்மை.

சுதந்திரத்துக்குப் பின் பாராளுமன்றம் இயற்றிய 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளருக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு அளிப்பதை முதலாளியின் கடமை என்று விதித்தது. அது பெரும் முன்னேற்றமே. ஆயினும் வீடு என்பதைச் சுவர், கூரை, அறை, குழாய், கழிப்பிடம் என்று எண்ணிப் பழகிய நாம், அந்த வீட்டுக்குள் தை மாதத்து விடியற்காலையில் என்ன உஷ்ணம் நிலவுகிறது என்று கேட்கப் பழகவில்லை. 2015-இல் மூணாற்றுத் தெருவில் அமர்ந்து போராடிய பெண் தொழிலாளர்கள் கூலியையும் போனஸையும் மட்டுமா பேசினார்கள்? தாங்கள் வாழும் லயங்களின் நிலையையும் அவர்கள் ஊரறியச் சொன்னார்கள்.

இனி, புதிய காலத்துச் சாதனமொன்றைக் கவனிப்போம். ஜெர்மனியின் லெவர்குசனில் ஆட்டோ பாயர் என்னும் ரசாயன அறிஞரும் அவருடைய சகாக்களும் 1937-இல் பாலியூரித்தேன் என்னும் பொருளைக் கண்டறிந்தார்கள். இரண்டு திரவங்களைக் கலந்து பீய்ச்சினால், சில விநாடிகளில் புளித்த மாவு போலப் பொங்கி, பல மடங்கு பருத்து, இண்டு இடுக்குகளையெல்லாம் அடைத்து இறுகிவிடும் நுரை இது. மூடிய கண்ணறைகளைக் கொண்ட வகை, செங்கல்லைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும். குளிர்பதனப் பெட்டியின் சுவருக்குள்ளும், நம் அடுக்களையில் இட்லியைச் சூடாக வைத்திருக்கும் ஹாட்பாக்ஸின் சுவருக்குள்ளும் இருப்பது இந்தக் குடும்பத்துப் பொருளே. பஃப் பேனல் என்று கடைகளில் விற்பதும் இதையே நடுவில் வைத்த தகடுதான். தகரக் கூரையின் அடிப்புறத்தில் இதைப் பீய்ச்சினால் குளிரும் இறங்காது, ஈரமும் கோத்துச் சொட்டாது. புல்லினிடையே காற்றைச் சிறைவைத்த முதுவரின் உபாயத்தையே, ரசாயனம் நுண்ணிய குமிழ்களில் செய்து தருகிறது.

இத்தகைய காப்புப் போதாத வெப்ப தேசத்து வீட்டுக்குத் திடீர்க் குளிர் எத்தகைய ஆபத்து என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் அண்மைக்கால உதாரணம். 2021 பிப்ரவரியில் அங்கே வீசிய குளிரலையில் டாலஸ் நகரத்தின் உஷ்ணம் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கியது. 45 லட்சம் வீடுகளுக்குமேல் மின்சாரம் இழந்தன, குழாய்கள் வெடித்தன, மாநில அரசின் கணக்கின்படி 246 பேர் மாண்டார்கள். மின்சாரம் நின்றபின் ஒரு வீட்டில் எஞ்சுவது, அதன் சுவரும் கூரையும் பிடித்து வைத்திருக்கும் வெப்பம் மட்டுமே. செல்வம் மிகுந்த தேசத்துக்கே இக்கதியென்றால், கணப்புமில்லாத லயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

எனினும் மேற்சொன்ன பாலியூரித்தேன் நுரையைக் குறையற்றதாகக் கொண்டாடுவது தவறு. பீய்ச்சும்போது எழும் ஐசோசயனேட் ஆவி சுவாசத்தைக் கெடுத்து, நாள்பட்ட இழுப்பு நோயையும் உண்டாக்க வல்லது. முகக்கவசமும் பயிற்சியும் இல்லாத கூலியாளிடம் நுரை பீய்ச்சும் குழாயைக் கொடுப்பது அநீதி. அன்றியும் அது தீப்பற்றும் பொருள். எரிந்தால் கொடிய நச்சுப்புகை எழும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையின் காய்ந்த புல்லில் பரவிய தீ, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனதை நாம் மறக்கலாகாது. விறகடுப்பு எரியும் வீட்டில் நுரையைத் திறந்தபடி விடக்கூடாது. ஜிப்சம் பலகை போன்ற தீத்தடுப்பால் அதை மூடியாக வேண்டும். புகை வெளியேற வழியும் வைத்தாக வேண்டும். இச்செலவுகளுக்கு இயலாத இடத்தில், தகரத்துக்குக் கீழே இடைவெளி விட்டு அமைத்த பலகை உட்கூரையும், இறுக அடைத்த கதவிடுக்குகளுமே கணிசமான பலனைத் தரும்.

எந்தச் சாதனத்தைத் தேர்ந்தாலும், முதலிற் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. விடுதிகளுக்கும் பங்களாக்களுக்கும் குளிர்காப்பு அமைக்கத் தயங்காத தோட்ட முதலாளிகளும், மலைக் குடியிருப்புகளுக்குத் திட்டம் தீட்டும் அரசினரும், உறைபனி விழும் உயரங்களிலுள்ள ஒவ்வொரு லயத்தின் கூரைக்கும் உட்காப்பு அமைப்பதைச் சட்டப்படியான வீட்டு வசதியின் அங்கமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். தொழிலாளர் சங்கங்கள் இதைக் கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏலக்காயின் நிறம் மங்காமல் காத்துவரும் சிரத்தையில் பாதியைத் தொழிலாளியின் உறக்கத்துக்கு அளித்தால், அடுத்த மார்கழிக்குள்ளேயே இக்காரியத்தைத் தொடங்கிவிடலாம்.