மீண்டெழும் நோயின் மறைபொருள்

ஆண்மக்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வழியைச் சூழ்ந்து அமைந்திருப்பது முன்னிற்கும் சுரப்பி. புரோஸ்டேட் என வைத்தியர் வழங்கும் இவ்வுறுப்பிலே தோன்றும் புற்றுநோய், பலரிடத்தில் ஆண்டுக்கணக்காக அடங்கிக் கிடக்கும். சிலரிடத்திலோ விரைந்து பரவி எலும்பையும் பற்றிவிடும். இக்கொடிய வகையை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு, நெடுநாள் நிலவிய ஒரு கருத்துத் திருத்தப்பட்ட வரலாறாகும்.

1941ஆம் ஆண்டிலே, சிக்காகோ பல்கலைக்கழகத்துச் சத்திரவைத்தியர் சாள்ஸ் ஹகின்ஸ், ஆண்மை ஓமோனே இந்நோயை வளர்க்கிறது என்று காட்டினார். விதைகளை அகற்றியோ, பெண்மை ஓமோனைக் கொடுத்தோ அந்த ஊட்டத்தைத் தடுத்தபோது பரவிய நோயும் ஒடுங்கியது. வலியால் வாடியோர் ஆறுதல் பெற்றனர். 1966இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது.

ஆயினும் அவ்வாறுதல் நிலைக்கவில்லை. காலப்போக்கில் நோய் முன்னிலும் மூர்க்கமாக மீண்டெழுந்தது. ஓமோன் இன்றியே வாழ அது பழகிவிட்டது என வைத்தியர் பலர் கருதினர். அவ்வாறாயின், ஓமோனின் வழியை மறிக்கும் மருந்துகளால் இனிப் பயனில்லை என்பதே முடிபாகும்.

இம்முடிபு மெய்தானா? விடை கலங்களின் உள்ளே இருந்தது. கலம் ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் பரம்பரையலகுகள் உள. அவை அனைத்தும் எவ்வேளையும் தொழிற்படுவதில்லை. தொழிற்படும் அலகு, ஆர்.என்.ஏ. என்னும் செய்தியை வெளியிடும். 1990களில் உருவான சில்லுகள், ஆயிரக்கணக்கான இத்தகைய செய்திகளை ஒருங்கே அளந்து காட்டின.

2004இல், லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே சாள்ஸ் சோயர்ஸ் குழுவினர், சுண்டெலிகளில் வளர்த்த மனிதக் கட்டிகளை ஆராய்ந்தனர். சிகிச்சைக்கு அடங்கியதையும் அடங்காததையும் ஏழு சோடிகளாக ஒப்பிட்டனர். ஏழிலும் தவறாது கூடியிருந்த செய்தி ஒன்றே: ஆண்மை ஓமோனைப் பற்றும் வாங்கிக்குரியது. நோய் ஓமோனைத் துறக்கவில்லை. எஞ்சிய சிறிதளவையும் பற்றிக்கொள்ளுமாறு வாங்கிகளைப் பெருக்கியிருந்தது. அந்நிலையில், பழைய தடைமருந்தே நோயைத் தூண்டும் மருந்தாகவும் மாறியது.

வாங்கி மிகுந்த கலத்தையும் அடக்கவல்ல மருந்து தேடப்பட்டது. அவ்வாறு பிறந்த என்சலூட்டமைட், 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கீமோதெரபிக்குப் பின்னரும் நோய் முற்றியோரிடையே நடந்த பரிசோதனையில், இடைய ஆயுட்காலம் 13.6 மாதத்திலிருந்து 18.4 மாதமாக நீண்டது.

ஏறத்தாழ ஐந்து மாதங்கள்! நோய் முற்றாகத் தீர்ந்ததன்று. அம்மருந்துக்கும் அது காலத்தில் வழி தேடிக்கொள்ளும். எனினும், ஹகின்ஸ் திறந்த கதவு மூடப்படவில்லை என்பதை அம்மாதங்கள் மெய்ப்பித்தன.