குடல் அழற்சி நோய், இளங்குழந்தைகளில்

ஆறு வயதுக்குள் தொடங்கும் நாள்பட்ட குடல் அழற்சி. கைக்குழந்தைக்குச் சளியும் ரத்தமுமாகப் பேதி, ஆசனவாயைச் சுற்றிச் சீழ்ப்புண், ஏறாத எடை என்றிருந்தால் மரபணுக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10இன் ஏற்பி பழுதானால் இந்நோய் வருவது 2009இல் தெரியவந்தது. சீனா, கொரியா, ஜப்பானில் இவ்வகை கூடுதலாகப் பதிவாகியுள்ளது. தாய், தகப்பன் இருவழியிலும் பழுது வந்தால்தான் நோய். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுக்கும் தமிழ்நாட்டில் இதைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. வத்தலக்குண்டு போன்ற ஊரில் மாந்தம் என்று உரைமருந்து, சீதபேதி என்று ஆன்டிபயாடிக் என மாதங்கள் ஓடிவிடலாம். பெரிய பிள்ளைகளிடம் குடல் காசநோயும் இதே வேடம் போடும். ஏற்பிப் பழுதுக்கு வழக்கமான மருந்துகள் பெரும்பாலும் எடுபடா. குருத்தணு மாற்றே குணம் தரும். வேலூர் சிஎம்சியில் இதன் ஒரு வகையான எலும்பு மஜ்ஜை மாற்று 1986 முதல் நடக்கிறது.